நன்றி சொன்னால் போதும்

மழை நாளோ வெயில் நாளோ, சனிக்கிழமை காலையில் நெலிடா வாசல் தகட்டைத் தேய்க்காமல் இருக்கமாட்டாள். எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, அடுப்புச் சாம்பலில் தொட்டு, ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் விரல் விட்டுத் துடைப்பாள். 'யானினா ஒலிவேரா, நோட்டரி' என்று அந்தப் பித்தளைத் தகட்டில் வெட்டியிருந்தது. ஆரஞ்சுக் கொட்டகையில் கால் வீங்க நின்று பழம் தரம் பிரித்து மகளைத் தலைநகரத்தில் படிக்கவைத்தவள் அவள். மகள் பட்டத்தோடு பஸ்ஸைவிட்டு இறங்கிய வாரமே தகடு வாசலுக்கு வந்துவிட்டது.

பாஸோ டெல் சாவ்சே உருகுவேயில் ஓர் ஆற்றங்கரை ஊர். அக்கரையில் அர்ஜென்டினாவின் விளக்குகள் தெரியும். இக்கரையில் ஆரஞ்சுத் தோப்பும் தகரக் கொட்டகைகளும். அங்கே நிலம் வாங்க, வீடு விற்க, உயில் எழுத, எல்லாவற்றுக்கும் நோட்டரியின் முத்திரை வேண்டும். டாக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆட்கள்கூட நோட்டரியைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார்கள்.

"அம்மா, அதக் கழட்டிரு. நான் இப்போ நோட்டரி இல்ல," என்றாள் யானினா உள்ளேயிருந்து.

"பட்டம் வாங்கினியா இல்லையா?"

"வாங்கினேன்."

"அப்போ நோட்டரிதான். புருஷன விட்டுட்டு வந்தவ மறுபடி கன்னிப்பொண்ணு ஆயிருவாளா?"

"தேய்ச்சுத் தேய்ச்சு எழுத்தே அழிஞ்சுபோச்சு. 'நோட்ட' வரைக்கும்தான் தெரியுது."

"தெரியாதவங்க தடவிப் பாத்துக்கட்டும்."

கையைக் கழுவிக்கொண்டு நெலிடா மேசைக்கு வந்தாள். தெர்மோஸைத் திறந்து மாத்தே ஊற்றினாள். சுரைக் குடுவையில் முக்கால்வாசி இலைத்தூள், அதில் செருகிய உலோகக் குழல், மேலே சுடுதண்ணீர். ஒருவர் ஊற்றுவார், மற்றவர்கள் முறை வைத்து உறிஞ்சிவிட்டு வெறும் குடுவையைத் திருப்பித் தருவார்கள். மறுபடி நிரம்பும், மறுபடி வரும். பேச்சு இருக்கிறவரை குடுவை சுற்றும்.

"வெள்ளிக்கிழமை அந்தக் கியூபாக்காரி வர்றாளாமே?" என்று நெலிடா ஆரம்பித்தாள்.

"யமிலே டீச்சர். ஆமா, வர்றாங்க."

"வந்து என்ன பாப்பா?"

"நான் பாத்துக்கற நோயாளி ஏதாவது ஒரு வேலைய, தினமும் செய்யற வேலைய, தன் கையால, தன் விருப்பத்தோட ஆரம்பத்துலேருந்து முடிவுவரைக்கும் செய்யணும். அதப் பாத்துட்டு பாஸா இல்லையான்னு சொல்லுவாங்க."

"இல்லன்னா?"

பதில் இருவருக்கும் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே மேசையில்தான் பேச்சு முடிந்தது. யானினா புதிதாகச் சேரும் படிப்பில் எதிலாவது தோற்றால் முனகாமல் பழைய நோட்டரி ஆபீஸில் போய் உட்கார வேண்டும். யானினா கன்னி மாதா படத்தின் மேல் கைவைத்துச் சொல்லியிருந்தாள். இதுவரை எதிலும் தோற்கவில்லை. மிச்சம் இருந்தது இந்த வெள்ளிக்கிழமை.

"உன் நாற்காலியில இன்னும் யாரையும் உக்காரவைக்கலையாம்," என்றாள் நெலிடா இனிமையாக. "நீ தச்ச மெத்தைகூட அப்படியே கெடக்காம். உன் முதலாளி பெண்டாட்டி எல்விராதான் சொன்னா."

யானினா கடைசிச் சொட்டுவரை உறிஞ்சி, குடுவையை நீட்டி, "நன்றி" என்றாள்.

அந்த ஊரில் குடுவையைத் திருப்பித் தரும்போது நன்றி சொன்னால் ஒரே அர்த்தம்தான். எனக்குப் போதும், இனி ஊற்றாதே. இன்னும் வேண்டுமென்றால் வாயை மூடிக்கொண்டு நீட்ட வேண்டும். பால் குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"ஒண்ணுதானேடி குடிச்ச! நாற்காலின்னதும் நன்றியா?"

"ஆமா. நன்றி."

*

யானினா நோட்டரி வேலையை விட்டது ஒரு பொத்தானால்.

ஒன்பது வருஷம் தோன் எவரிஸ்தோ பெந்தான்கூரின் ஆபீஸில் பத்திரம் எழுதினாள். தோன் என்பது ஆணுக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல், பெண்ணுக்குத் தோன்யா. எவரிஸ்தோ அந்த ஊரின் பெரிய நோட்டரி. பெரிய உடம்பு, பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். யாராவது ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து காணிக்கையாக வைத்தால் "அந்த மூலையில கட்டு" என்பார். நன்றி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்ட மனிதர் கிடையாது.

ஃபெர்மின் என்று தோப்பில் பழம் பறிக்கிற பெரியவர் ஒருநாள் வீட்டை மகள் பேருக்கு மாற்ற வந்தார். வாதத்தில் கை விழுந்திருந்தது. கையெழுத்துக்குப் பதில் யானினா அவருடைய கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி எடுத்தாள்.

"கையெழுத்து கெடக்கட்டும் தாயி," என்றார் ஃபெர்மின். "சட்டைப் பொத்தான் போட முடியல. மருமகதான் போட்டுவிடறா. வெக்கமா இருக்கு. அதுக்கு ஏதாவது பத்திரம் இருக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். யானினாவும் சிரித்தாள். ஆனால் அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. உடைந்த குடையிலிருந்து ஒரு கம்பியை ஒடித்து, நுனியைக் கொக்கியாக வளைத்து, பிடிக்க வாகாக மதுப்புட்டியின் தக்கையைச் செருகினாள். மறுவாரம் பத்திரம் வாங்க வந்தவரிடம் அதைக் கொடுத்தாள். பொத்தான் ஓட்டைக்குள் கொக்கியை விட்டு, பொத்தானை மாட்டி, ஓர் இழுப்பு. ஃபெர்மின் எல்லாப் பொத்தானையும் போட்டார். கழற்றினார். மறுபடியும் போட்டார். காத்திருந்தவர்கள் தங்கள் வரிசையை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். உள்ளேயிருந்து எவரிஸ்தோ கத்தினார், "இது நோட்டரி ஆபீஸா, தையக்கடையா?"

இதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, பக்கத்து நகரத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தபோது யானினாவுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பெயர் தொழில்வழிச் சிகிச்சை. கை கால் விழுந்தவர்கள், அடிபட்டவர்கள், பிறந்ததிலிருந்தே முடியாத பிள்ளைகள், இவர்கள் தாங்களே குளிக்க, உடுத்த, சமைக்க வழி பண்ணித் தருகிற வேலை. விடைபெறப் போனவளிடம் எவரிஸ்தோ தலை நிமிராமல் கேட்டார், "பத்திரம் எழுதுற கையால கெழவனுங்களுக்கு ஸ்பூன் பிடிக்கச் சொல்லிக்குடுக்கப் போறியாக்கும்? ஸ்பூன் பிடிக்க ஒரு பல்கலைக்கழகம் வேறயா?"

ஊருக்கு அந்தப் பெயரே பிடிபடவில்லை. பஸ் நிறுத்தத்தில் ரொட்டிக்கடை ஒர்ட்டென்சியா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"தொழில்வழிச் சிகிச்சைன்னா தொழில் போட்டுத் தர்றதுதானே? என் மருமகன் சும்மாதான் படுத்துக் கெடக்கான். பாத்துப் பண்ணு."

"அவருக்கு என்ன நோய்?"

"என்ன நோய், சோம்பேறித்தனம்."

"அதுக்கு நாங்க பாக்கறதில்ல, தோன்யா."

"அதுக்கே பாக்கலன்னா அப்புறம் என்னத்தத்தான் படிக்கிற?"

நெலிடா எல்லாரிடமும் வேறு கதை சொல்லிவைத்திருந்தாள். மகள் நோட்டரியிலேயே மேல்படிப்பு படிக்கிறாளாம், ரொம்ப மேலேயாம்.

*

யானினாவின் படிப்பில் கடைசி வருஷம், குளிர் தொடங்கியபோது, மதியச் சாப்பாட்டு மேசையில் எவரிஸ்தோவின் முள்கரண்டி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது பக்கம் சோர்ந்திருந்தது. பேச்சு போயிருந்தது. ஒரே ஒரு சொல்தான் மிச்சம்.

"நன்றி."

தண்ணீர் வேண்டுமென்றாலும் நன்றி. வேண்டாமென்றாலும் நன்றி. கதவை மூடு, ஜன்னலைத் திற, இந்த ஆளை வெளியே அனுப்பு, எல்லாம் நன்றிதான். அவருக்குத் தான் சொல்ல வந்தது தெரியும், வாயில் வருவது மட்டும் இது. டாக்டர் அப்படித்தான் சொன்னார். சிலருக்குக் கெட்ட வார்த்தை தங்கும், சிலருக்குப் பெண்டாட்டி பெயர் தங்கும், இவருக்கு இது தங்கியிருக்கிறது.

"பெண்டாட்டி பேரு தங்கலயாக்கும்," என்றாள் அவர் மனைவி எல்விரா. "கல்யாணமான நாள்லேருந்து ஒரு வாட்டி எனக்கு இந்த வார்த்தை கெடச்சிருக்குமா? இப்போ பாரு, நாய்க்கு நன்றி. பாத்ரூம் கதவுக்கு நன்றி. நேத்து டிவி ஃபுட்பால்ல நம்ம ஆளுங்க கோலத் தவறவிட்டப்ப எழுந்திருக்கப் பாத்து, நன்றி நன்றின்னு கத்தறாரு."

பாதிரியார் வந்து பார்த்துவிட்டு, ஆண்டவர் இவரைத் தாழ்மையாக்கிவிட்டார் என்று நெகிழ்ந்தார். எவரிஸ்தோ அவரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு "நன்றி!" என்றார். பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசிப் பரீட்சைக்காக யமிலே டீச்சர் படிக்கிற ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊரிலேயே ஒரு நோயாளியை ஒதுக்கினார். பாஸோ டெல் சாவ்சேயில் அப்போது புதிதாக விழுந்திருந்தவர் இவர் ஒருவர்தான்.

"உனக்குத் தெரிஞ்சவரா, கண்ணே?" என்று கேட்டார் டீச்சர். அவர் எல்லாரையும் கண்ணே என்பார், பஸ் டிரைவர் உட்பட.

"என் பழைய முதலாளி, டீச்சர்."

"நல்லதாப் போச்சு. அவருக்கு என்ன பிடிக்கும்னு உனக்குத் தெரியுமே."

"மத்தவங்களத் திட்டறது பிடிக்கும். அதுக்கு இப்போ வார்த்தை இல்ல."

*

எவரிஸ்தோவின் வீடும் ஆபீஸும் ஒரே கட்டடம். நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் யானினாவின் நாற்காலியும் மெத்தையும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் முதுகைத் திருப்பி உட்கார்ந்துதான் வேலை செய்தாள்.

எவரிஸ்தோவின் வலது கையில் உயிர் இருந்தது. பிடிக்கச் சொன்னால் விரல் மடங்கும், தூக்கிவிட்டால் கொஞ்சம் நிற்கும். ஆனால் அவர் அதை உபயோகிக்க மறுத்தார். மடியில் செத்த மீனைப் போலப் போட்டிருந்தார். யானினா மரக்குச்சிகளைக் கொண்டுவந்து பலகை ஓட்டைகளில் செருகச் சொன்னாள். அவர் பலகையைக் கவிழ்த்து "நன்றி" என்றார். பிளாஸ்டிக் கோப்பைகளை அடுக்கச் சொன்னாள். ஒரு கோப்பை பறந்துபோய்த் ஆளுயரக் கடிகாரத்தில் பட்டது. ஃபெர்மினின் அதே கொக்கியைச் செய்து கொண்டுவந்தாள். எவரிஸ்தோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். நாயைக் கூப்பிட்டு அதன் வாயில் கொடுத்தார்.

"இவருக்கு எதுலயும் விருப்பம் இல்ல, மவளே," என்றாள் எல்விரா. "சாப்பிடறாரு, தூங்கறாரு, கோபப்படறாரு. அதுவும் பாரு, நாள் முழுக்க இல்ல. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மணி அடிச்ச மாதிரி வருது."

யானினா இதைப் பிடித்துக்கொண்டாள். நேரம் தவறாமல் வருகிற கோபம் என்றால் காரணம் இருக்கத்தான் வேண்டும். படித்த படிப்பெல்லாம் மண்டைக்குள் வரிசையாக வந்து நின்றது. ஆற்றிலிருந்து வெளிச்சம் சாய்வாக வந்து கண்ணைக் கூசுகிறதோ? திரைச்சீலையை மாற்றினாள். கோபம் வந்தது. நாற்காலி உயரம் சரியில்லையோ? காலுக்குக் கட்டை வைத்தாள். கோபம் கட்டையை எட்டி உதைத்தது. எதிரே இருந்த கண்ணாடியில் தன் கோணிய முகத்தைப் பார்த்து வருத்தப்படுகிறாரோ? கண்ணாடியை இறக்கிக் கொல்லையில் வைத்தாள். கோழிகள் அதில் தங்களைப் பார்த்துச் சண்டை போட்டன. எவரிஸ்தோ அன்றைக்கும் மேசையைக் குத்தினார்.

அந்த இரண்டு நேரமும் அந்த வீட்டில் மாத்தே நேரம். காலையில் எழுந்ததும் ஒன்று, சாயங்காலம் ஆற்றுத் தண்ணீர் சிவக்கும்போது ஒன்று. எல்விரா ஊற்றுவாள். முதலில் தான் குடித்துவிட்டு, இரண்டாவதை அவரிடம் தருவாள். எவரிஸ்தோ இடது கையால் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சுவார். முகம் பழைய முகமாகும். குழல் கொரகொரவென்று சத்தம் போடும். குடுவையை நீட்டுவார்.

"நன்றி."

எல்விரா குடுவையை வாங்கி யானினாவுக்கு ஊற்றுவாள். அப்புறம் தனக்கு. அப்புறம் யானினாவுக்கு. எவரிஸ்தோவின் இடது கை தெர்மோஸ் பக்கம் மெல்ல நகரும்.

"பாரு, எப்படிப் பாசமா கைய நீட்டறாரு," என்று எல்விரா அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். "இந்த வயசுல வந்துச்சே எனக்கு இந்தக் குடுப்பினை."

எவரிஸ்தோவின் கழுத்து சிவக்க ஆரம்பிக்கும்.

யானினாவும் அங்கேதான் இருந்தாள். ஒன்பது வருஷம் ஆபீஸில் அவருக்கு மாத்தே ஊற்றியவள் அவள்தான். "இலையப் பொசுக்கிட்ட! கோழிக்கு இறகு பிடுங்கவா தண்ணி சுடவச்ச?" என்று திட்டு வாங்கினவள். ஒரு தெர்மோஸைக் காலி பண்ணாமல் அந்த மனிதர் பேனாவைத் தொடமாட்டார். எல்லாம் தெரிந்தவள்தான், ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் கை தானாக நீண்டு, அவரைத் தாண்டி வந்த குடுவையை வாங்கிக்கொண்டது. ஊரில் எல்லார் கையும் அப்படித்தான் பழகியிருந்தது.

*

வெள்ளிக்கிழமை தெற்குக் காற்று வீசி மழையை ஆற்றின் மேல் சாய்த்தது. மழை பிடித்தால் அந்த ஊரில் மாவு பிசையாத வீடு இருக்காது. நெலிடா கொழுப்பில் பொரித்த தோர்த்தாக்களைத் துணியில் சுற்றிக்கொண்டு, அழைக்காமலேயே எவரிஸ்தோ வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கும்மா வந்த?"

"மழைக்கு ஒதுங்கினேன்."

"நம்ம வீட்லயும் கூரை இருக்கே."

"அந்தக் கூரை ஒழுகுது," என்றாள் நெலிடா. அவள் கண் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருந்த நாற்காலியில் நின்றது. மெத்தையை யாரோ தட்டிப் புதுசு மாதிரி வைத்திருந்தார்கள். எல்விராவும் அவளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதிலேயே யானினாவுக்கு விஷயம் புரிந்துபோனது.

யமிலே டீச்சர் மஞ்சள் மழைக்கோட்டில் சொட்டச் சொட்ட வந்தார். "கடவுளே, இது மழையா, இல்ல வானத்துல குழாய் உடைஞ்சுபோச்சா? எப்படி இருக்கீங்க, என் ராஜா?" என்று எவரிஸ்தோவின் கன்னத்தில் முத்தம் வைத்தார்.

எவரிஸ்தோவுக்கு அந்த ஊரில் அப்படி முத்தம் வைத்தவர்கள் இல்லை. "நன்றி," என்றார் அதிர்ந்துபோய்.

"பரவாயில்லையே, நல்ல மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

எல்விரா மழைக்கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

யானினா ஆரம்பித்தாள். சட்டை. எவரிஸ்தோ கையைக் கட்டிக்கொண்டார், செத்த மீன் உள்ளே, நல்ல கை வெளியே. சீப்பு. அதை வாங்கி நாய்க்கு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கீழே போட்டார். ரொட்டியில் வெண்ணெய் தடவுவது. ரொட்டி ஜன்னல் வழியாக மழைக்குள் போனது.

"நன்றி," என்றார் எவரிஸ்தோ, ரொட்டி போன திசையைப் பார்த்து.

யமிலே டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணே என்று சொல்லாமல் இருப்பது நல்ல அறிகுறி இல்லை. யானினா கீழே கிடந்த சீப்பை எடுத்துவைத்தாள். பின்னால் அந்த நாற்காலி இருப்பதை மெத்தையோடு உணர்ந்தாள்.

"கொஞ்சம் சூடா ஏதாவது குடிக்கலாமே," என்றாள் எல்விரா. தோல்வி உறுதியான வீட்டில் உபசாரம் தாராளமாக இருக்கும். தெர்மோஸ் வந்தது. தோர்த்தா பிரிந்தது. எல்விரா முதலில் தான் குடித்தாள், பிறகு வழக்கம்போல எவரிஸ்தோவுக்கு.

கொரகொர. "நன்றி."

அடுத்தது விருந்தாளிக்கு. யமிலே டீச்சர் குடுவையை வாங்கி முகர்ந்து பார்த்தார். உருகுவேக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அவர் காபியைத் தவிர எதையும் வாயில் வைத்ததில்லை. புல்லை அவித்துக் குடிக்க நான் என்ன மாடா என்பார். பக்கத்தில் எவரிஸ்தோ அந்தக் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார், எலும்பைப் பார்க்கும் சுல்தானைப் போல. சுல்தான் அவர்கள் நாய்.

"எனக்கு எதுக்கு? நீங்க குடிங்க ராஜா," என்று குடுவையை அவர் கையில் வைத்துவிட்டார் டீச்சர்.

எல்விரா பதறினாள். "ஐயோ, அவருக்கு வேண்டாம், அவரு..."

எவரிஸ்தோ ஒரே மூச்சில் உறிஞ்சினார். "நன்றி!"

"பாத்தீங்களா, போதுமாம்," என்றாள் எல்விரா.

"எப்போ சொன்னாரு?"

"இப்பத்தானே சொன்னாரு. காதுல விழலயா? நன்றின்னாரே."

"நன்றின்னு சொன்னாரு. போதும்னு எங்க சொன்னாரு?"

"அதான் இது. மாத்தேயைத் திருப்பித் தர்றப்ப நன்றின்னா போதும்னுதானே," என்றாள் நெலிடா, வெளியூர்க்காரியின் அறியாமைக்காக இரக்கப்பட்டு.

"ஆனா கண்ணுங்களா," என்றார் யமிலே டீச்சர் மெதுவாக, "அந்த மனுஷனுக்கு இருக்கறதே அந்த ஒரு வார்த்தைதானே?"

எல்விராவின் வாய் திறந்தது, மூடியது. நெலிடா சிலுவை போட்டுக்கொண்டாள். யானினா எவரிஸ்தோவைப் பார்த்தாள். திரைச்சீலை, கட்டை, கண்ணாடி, கோழிகள் எல்லாம் அவள் கண்முன் ஊர்வலம் போயின.

"குளிர் ஆரம்பிச்சதுலேருந்து," என்றாள் எல்விரா தேம்பலும் சிரிப்புமாக, "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு! அப்போ அந்தக் கை... என் கைய இல்லையா? தெர்மோஸையா கேட்டீங்க?"

"நன்றி! நன்றி! நன்றி!" என்று எவரிஸ்தோ மேசையை இடித்து இடித்துக் கத்தினார். அவர் என்ன சொல்கிறார் என்பது அந்த வீட்டில் முதல் முறையாக எல்லாருக்கும் ஒன்றுபோலப் புரிந்தது. பாதிரியார் அங்கே இருந்திருந்தால் காதைப் பொத்தியிருப்பார்.

எல்விரா அவசரமாகத் தெர்மோஸை எடுத்தாள். யானினா அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இருங்க தோன்யா. நான் ஊத்தறேன்."

மாத்தேயில் இலைத்தூளை ஒரு பக்கமாகச் சரித்து மேடு கட்டியிருப்பார்கள். தண்ணீரைப் பள்ளத்தில், குழலை ஒட்டி, துளித்துளியாக ஊற்ற வேண்டும். மேடு காய்ந்தே இருக்க வேண்டும். மேட்டில் தண்ணீர் ஊற்றுகிறவளுக்கு அந்த ஊரில் மாப்பிள்ளை கிடைக்காது. யானினா எவரிஸ்தோவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே தெர்மோஸை உயர்த்தி, சரியாக மேட்டின் உச்சியில் சாய்த்தாள்.

"அடிப்பாவி," என்றாள் நெலிடா. "நான் இப்படியா வளத்தேன்?"

எவரிஸ்தோவின் மீசை துடித்தது. யானினா இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். குழலைப் பிடித்து ஸ்பூனைப் போல ஒரு கலக்குக் கலக்கினாள்.

அதை அவரால் தாங்க முடியவில்லை. "நன்றீ!" என்று உறுமிக்கொண்டு இடது கையால் தெர்மோஸைப் பறித்தார். பறித்துவிட்டார், சரி. குடுவை? அது சாய்ந்துகொண்டிருந்தது. மடியிலிருந்து அந்தச் செத்த மீன் எழுந்தது. கட்டுக்குள் இல்லாமல், நடுங்கிக்கொண்டு, மேசை விளிம்பில் இடித்துக்கொண்டு வந்து, விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக் குடுவையின் இடுப்பைப் பிடித்தன.

யமிலே டீச்சர் வாயில் வைத்த தோர்த்தாவைக் கடிக்காமல் நிறுத்தினார்.

எவரிஸ்தோ ஊறிப்போன இலையைக் குழலால் ஓரமாக ஒதுக்கினார். குடுவையை ஆட்டி மறுபடி மேடு கட்டினார். பள்ளத்தில் ஊற்றினார். பாதித் தண்ணீர் மேசையில் போனது, பாதி உள்ளே போனது. முதல் மாத்தே ஊற்றுகிறவருக்கு. குடித்தார். அடுத்ததை நிரப்பி விருந்தாளியிடம் நீட்டினார். டீச்சர் இந்த முறை மறுக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கஷாயம் குடிக்கும் பிள்ளையைப் போல முழுவதும் குடித்தார்.

"நன்றி, ராஜா!" என்றார் உயிர் பிழைத்து.

எவரிஸ்தோ தலையசைத்தார். இவளுக்குப் போதும். அடுத்தது எல்விராவுக்கு, பிறகு நெலிடாவுக்கு.

"இதத்தான் கேட்டேன், கண்ணே," என்று டீச்சர் யானினாவின் தோளைத் தட்டினார். "ஆரம்பத்துலேருந்து முடிவுவரைக்கும். தன் விருப்பத்தோட. விருப்பமா, வெறியா, எதுவோ ஒண்ணு. பாஸ்."

எல்விராவுக்கு இதிலிருந்து வேறொன்று தோன்றியது. "இவ்வளவு கை வந்துருச்சுன்னா ஆபீஸத் திறந்துரலாமே! அவரு மேற்பார்வை பாக்கட்டும். திங்கட்கிழமை யானினா வந்து நாற்காலியில உக்காரட்டும். என்ன எவரிஸ்தோ, சொல்லுங்க, உக்காரட்டுமா?"

"நல்ல யோசனை," என்றாள் நெலிடா உடனே. "பாஸானதும் ஆச்சு, நாற்காலியும் ஆச்சு."

எவரிஸ்தோ தெர்மோஸைப் பிடித்தபடியே திரும்பினார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மெத்தையைப் பார்த்தார். பிறகு யானினாவைப் பார்த்தார். இப்போது குரலில் உறுமல் இல்லை.

"நன்றி," என்றார்.

"பாத்தியா!" என்றாள் நெலிடா. "வரச்சொல்றாரு. நன்றி சொல்லிக் கூப்பிடறாரு."

"வரச்சொல்றாரா? போதும்ங்கறாரு," என்றாள் எல்விரா குழப்பமாக. "கைல குடுவை இருக்கே. குடுவை இருந்தா போதும்னுதான் அர்த்தம்."

"இவ்வளவு நாள் நீங்க அப்படி நெனச்சு அந்த மனுஷன் பட்ட பாடு போதாதா?"

"அப்போ வேற, இப்போ வேற!"

"என்ன வேற? அதே வார்த்தை, அதே வாய்!"

இருவரும் சத்தம் போட, டீச்சர் இன்னொரு தோர்த்தாவை எடுத்துக்கொண்டு, இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு சொல்லே அதிகம் என்று கியூபா வழக்கில் முணுமுணுத்தார்.

எவரிஸ்தோ அவர்களைக் கவனிக்கவில்லை. அடுத்த மாத்தேயை நிரப்பிக்கொண்டிருந்தார். இது யானினாவின் முறை. வலது கை களைத்துப்போயிருந்தது. குடுவை ஆடியது. அவள் உதவிக்குப் போகவில்லை, கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டாள். ஒரு விரல் நழுவியது, மறுபடி பிடித்தது. மேசையைத் தாண்டி அது அவளிடம் வந்து சேர்ந்தது. அந்த ஆபீஸில் அத்தனை வருஷம் அவள் ஊற்ற அவர் குடித்திருக்கிறார். அவர் ஊற்றி அவளுக்குத் தருவது இதுதான் முதல் தடவை.

குடித்தாள். கசப்பாக, சரியான சூட்டில், இலை பொசுங்காமல் இருந்தது. அடிவரை உறிஞ்சினாள். அந்தச் சொல் தொண்டையைத் தாண்டி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாழ்க்கையில் ஒருமுறைகூட அதை இத்தனை உண்மையாக யாரிடமும் சொல்ல நினைத்ததில்லை.

உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், வெறும் குடுவையை நீட்டினாள்.

எவரிஸ்தோ மீசைக்குள் சிரித்துக்கொண்டு இன்னொன்று ஊற்றினார்.